குறுக்குச் சரிவு

பெப்ரவரி 9, ஞாயிறு

மரண அறிவித்தல்.

பெயர் தெரியாத தொழிற்சாலை ஒன்றைப் பிறப்பிடமாகவும், என் இடது பாதத்தை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் கம்பளிக் காலுறை அவர்கள், இன்று காலை அடுப்பின் மேல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தவேளை தவறி உள்ளே விழுந்து அகாலமரணமடைந்தார். அன்னார் வலது காலுறையின் பாசமிகு துணைவரும், பெருவிரல் ஓட்டையின் அன்புத் தந்தையும் ஆவார். தகனக்கிரியை அதே அடுப்பில் அப்போதே இனிதே நிறைவேறியது. வாசனை மதியம்வரை அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்தது. தகவல்: சாருஜன், வயது பதினைந்து, காலுறையின் முதலாளி.

இந்தத் துயரை உலகுக்கு அறிவிக்க இந்தக் கொப்பியை விட்டால் வழியில்லை. நான் இருப்பது சுவிஸில் ஒரு மலைக்குடில். ஆட்களை மேலே ஏற்றிவிடும் இழுவைக் கம்பி இல்லை, கடை இல்லை, என் வயதில் ஓர் உயிரினமும் இல்லை. ஸ்கீப் பலகையின் அடியில் வழுக்காமலிருக்க ரோமத்தோலை ஒட்டிக்கொண்டு தாங்களாகவே மலையேறி வரும் விசித்திர மனிதர்கள் இங்கே சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் இன்னும் மேலே போய்ச் சறுக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவர்களுக்குச் சமைப்பவர் என் அப்பா. அவருக்கு இங்கே பணி, எனக்கு இங்கே பனி. எழுத்தில் ஒரு சுழிதான் வித்தியாசம். சம்பளத்தில்தான் பெரிய வித்தியாசம்.

நான் நாடுகடத்தப்பட்ட காரணம்: கோயில் திருவிழாவில் ஒலிவாங்கி அநாதையாகக் கிடந்தது. "சாம்பல் நிற வாகனத்தின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, உரிமையாளர் உடனே வெளியே வரவும்" என்று பக்தியோடு அறிவித்தேன். பூசை நடுவில் பாதிச் சனம் வெளியே ஓடியது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சாம்பல் நிறத்தில் வாகனம் வாங்கியது என் குற்றமா? "லீவு முடியுமட்டும் நீ கொப்பரோட மலையில நில். அங்க ஐயரும் இல்லை, மைக்கும் இல்லை" என்று அம்மா அனுப்பிவிட்டார்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அப்பா மட்டும். அவர் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

குளிரைப் பற்றிக் கவலையில்லை. ஸ்கீயில் நான் பனிச்சிறுத்தை. கறுப்புக் குறி போட்ட செங்குத்துப் பாதைகள் எனக்குக் காலாற நடப்பது மாதிரி.

பெப்ரவரி 10, திங்கள்

இரவு முழுக்கக் கொட்டியிருக்கிறது. கழிப்பறை வெளியே தனிக் கொட்டில். அதற்குப் போகும் பாதையைக் காணோம். அவசரத்தோடு பனி வெட்டுவதைப்போல் ஒரு மனிதனைச் சுறுசுறுப்பாக்கும் வேலை வேறில்லை.

விருந்தினர் இரண்டு பேர்தான். மார்க்குஸ், நாடின், கணவனும் மனைவியும். நேற்று மாலை ஏறி வந்தார்கள். மார்க்குஸ் மலைகளைப் பற்றி ஒன்றுவிட்ட சகோதரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். நாடின் பேசமாட்டார், சிரிப்பார். இருவரும் நன்றாக ஸ்கீ ஓடுவார்கள். (என்னளவுக்கு என்று சொல்லமாட்டேன்.)

குடிலின் பொறுப்பாளர் ரெகுலா. பெயருக்கேற்ப எல்லாம் ரெகுலர். சப்பாத்து வைக்கும் இடம், குவளை தொங்கும் திசை, மூச்சுவிடும் வேகம். யார் வெளியே போனாலும் வாசலில் நின்று அவர்களின் நெஞ்சில் கட்டியிருக்கும் தேடுகருவியைச் சோதிப்பார். பனிக்குள் புதைந்தால் நாம் எங்கே கிடக்கிறோம் என்று அதுதான் கூவிக்கொண்டிருக்கும். கூவாதவனுக்கு வெளியே அனுமதியில்லை. கழிப்பறைக்குப் போகவும் கட்டவேண்டுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "இன்று வேண்டாம்" என்றார். பகிடி அவருக்குள் போய் அப்படியே உறைந்துவிடுகிறது.

மதியம் பனி கொஞ்சம் ஓய, குடிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ரெகுலா குழி வெட்டினார். நான் உதவியாளர். குழியின் சுவரில் ஒரு பனித் தூணைத் தனியாக அறுத்தெடுத்து, அதன் தலையில் பனி அள்ளும் சவளை வைத்துத் தட்டவேண்டும். முதலில் மணிக்கட்டால் மெதுவாக. பிறகு முழங்கையிலிருந்து. பிறகு தோளிலிருந்து ஓங்கி. எந்தத் தட்டுக்குத் தூண் உடைகிறதோ, அதை வைத்துத்தான் மலையின் மனநிலையைச் சொல்வார்கள். மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை. முழங்கைக்கு வந்தார். இரண்டாவது தட்டுக்கே தூணின் மேல்பாதி மேசை லாச்சி போல வழுக்கி வந்து என் மடியில் விழுந்தது.

"பார்," என்று அடியிலிருந்த பனியை அள்ளிக் காட்டினார். ஒட்டவேயில்லை, சீனி மாதிரி உதிர்ந்தது. மார்கழியில் கொஞ்சமாகப் பெய்த பனி, வாரக்கணக்கான வெறுங்குளிரில் இப்படி ஆகிவிட்டதாம். அதன் மேல் இப்போது காற்று கொண்டுவந்து குவித்த கனமான பலகை. உதிர்ந்த புட்டுக்கு மேலே கொங்கிரீட் தட்டுப் போட்டதுபோல.

அப்பாவிடம் சொன்னேன்.

"எடேய், அப்ப கீழ போற பாதை?"

"அதுவும் இதே பக்கம்தானப்பா."

அப்பா வெங்காயத்தைப் பார்த்தார். வெங்காயம் அப்பாவைப் பார்த்தது.

பெப்ரவரி 11, செவ்வாய்

பனி. மதியம் சூப். பனி. இரவு அதே சூப், வேறு பெயரில்.

பெப்ரவரி 12, புதன்

காலைப் பனிச்சரிவு அறிக்கை: அபாயம் ஐந்தில் நான்கு. இந்தப் பாடத்தில் மட்டும் அதிக புள்ளி எடுத்தவன் தோற்றவன்.

இங்கிருந்து பள்ளத்தாக்குக்கு ஒரே வழிதான். வாசலிலிருந்து கொஞ்சத் தூரம் சமதரை. அதன்பின் குறுக்குச் சரிவு. வெள்ளைச் சுவர் ஒன்றின் இடுப்பில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்கவேண்டும். அங்கே பாறை முதுகு ஒன்று. அதைத் தாண்டினால் காடு, ஊர், பேருந்து. சுவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஓடை இருந்தது," என்றார் ரெகுலா. இப்போது பனிக்குள் இருக்கிறதாம். ஆக, சரிவு இருக்கிறது, அதில் எதுவும் சரியில்லை.

ஜன்னல்கள் பாதிவரை மூடிவிட்டன. பகலிலும் விளக்கு. நான்கு சுவருக்குள் ஐந்து பேர். மார்க்குஸ் சாப்பிடும்போது தாடை டிக் டிக் என்று ஒலிக்கும் என்பதை உலகில் நாடினுக்கு அடுத்ததாக அறிந்தவன் நான். கதவைத் திறந்தால் உள்ளே வருவது காற்றில்லை, இன்னொரு சுவர். இரவில் கூரையிலிருந்து பனி இறங்கும் சத்தம், யாரோ நெஞ்சில் சாய்வதுபோல இருக்கும். நான் பயப்படவில்லை. சத்தத்தை வர்ணிக்கிறேன், அவ்வளவுதான்.

பிரச்சினை எனக்கில்லை, அப்பாவுக்கு. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊர்ச்சபையில் அவருக்குக் குடியுரிமை நேர்முகம்.

அம்மாவும் நானும் எப்போதோ சுவிஸ் ஆகிவிட்டோம். அப்பா மட்டும் ஆகவில்லை. ஹோட்டல் வேலைக்காக ஊர் ஊராக மாறினார். மாறும்போதெல்லாம் "இந்த ஊரில் எத்தனை வருடம்?" என்ற கணக்கு முதலிலிருந்து தொடங்கும். விமான நிலையத்தில் அம்மாவும் நானும் ஒரு வரிசை, அப்பா வேறு வரிசை. நாங்கள் வெளியே வந்து பெட்டிகளோடு நிற்போம். அப்பா தூரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையசைப்பார், ஏதோ அவர்தான் எங்களை வழியனுப்ப வந்தவர் மாதிரி. சின்ன வயதில் எனக்கு அது பெரிய பகிடி.

ஜன்னலோரம் ஒரே ஒரு மூலையில்தான் தொலைபேசி எடுக்கும். அப்பா அங்கே குந்தியிருந்து சபைக்கு அடித்தார். புதன் மதியத்திலிருந்து வெள்ளி காலைவரை பூட்டு என்று இயந்திரம் சொன்னது.

"வராட்டி என்னப்பா செய்வினம்?"

"வராத ஆள் எண்டு எழுதுவினம். பிறகு எப்ப கூப்பிடுவினமோ."

மாலை நேர்முக ஒத்திகை. நான் நடுவர், அவர் மாணவர்.

"கண்ணாடிப் போத்தலை எப்ப போடலாம்?"

"ஞாயிறு போடக்கூடாது. மற்ற நாளில இரவு எட்டுக்குப் பிறகும் போடக்கூடாது. சத்தம்."

"பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு போட்டால்?"

"ஜன்னலால பாக்கவேணும். ஆனால் வணக்கம் சொல்லவேணும்."

"பாஸ்! நீங்கள் பிறவிச் சுவிஸ்."

சிரித்தார். பிறகு நேர்முகத்துக்கு வைத்திருந்த சட்டையை எடுத்து மடித்தார். ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

பெப்ரவரி 13, வியாழன்

இன்றைய பதிவு வரலாற்றுச் சிறப்பு மிக்கது. சந்ததிகள் கவனமாக வாசிக்கவும்.

காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல நீலம். மார்க்குஸ் வெளியே போய் வந்து, "காற்று இல்லை, குளிர் நல்லாயிருக்கிறது, நாங்கள் இறங்குகிறோம்," என்றார். மாலையில் திரும்பவும் பனி வருமாம். இன்று விட்டால் அடுத்த வாரம்தானாம்.

"அறிக்கை இன்றும் நான்கு," என்றார் ரெகுலா.

"ஒவ்வொருவராகக் கடப்போம்."

"ஒவ்வொருவராகவும் சாகலாம்."

ரெகுலா பகிடி விட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பிறகுதான் அது பகிடியில்லை என்று விளங்கியது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள்ளிருந்து வந்தார். "நானும் இவையோட போறன். தம்பி, நீ ரெகுலாவோட நில். சனிக்கிழமை பாப்பம்."

"நானும் வாறன்," என்றேன். "உங்களுக்கு ஸ்கீ ஓடத் தெரியாது, ஆராவது பிடிக்கவேணுமே."

உண்மையில் அப்பா நாற்பது வயதுக்குப் பிறகு ஸ்கீ பழகியவர். தள்ளுவண்டி மாதிரி மெதுவாக, கால்களை ஆப்புப்போல விரித்துக்கொண்டு ஓடுவார். ஆனால் விழமாட்டார்.

வாசலில் ரெகுலா கருவிகளைச் சோதித்தார். நால்வரும் கூவினோம். அவரும் ஸ்கீயை மாட்டிக்கொண்டு சமதரை முடியும்வரை கொஞ்சம் பின்னால் வந்தார். மார்க்குஸ் முதலில் கடந்தார். பாறை முதுகில் ஏறிக் கையசைத்தார். நாடின் கடந்தார். அவரும் கையசைத்தார். அடுத்தது அப்பா, கடைசியாக நான்.

அப்போதுதான் என் காலுக்குக் கீழே "வுப்" என்று ஒரு சத்தம். மலை ஏப்பம் விட்டதுபோல. தரை ஒரு விரலளவு கீழே இறங்கியது. என் ஸ்கீ நுனியிலிருந்து ஒரு கோடு பனியில் வெடித்துச் சரிவை நோக்கி ஓடியது.

வேறொருவனாக இருந்தால் பதறியிருப்பான். நான் நிதானமாக நிலைமையை ஆராய்ந்தேன். அடியிலே சீனி, மேலே பலகை. அந்தச் சத்தம் பலகை அமர்ந்த சத்தம். அப்பா, "ஒண்டுமில்லை, அவை ரெண்டுபேரும் போயிட்டினம்தானே" என்று தடியை ஊன்றிப் புறப்படப் பார்த்தார். இனி விஞ்ஞானம் பேசிப் பயனில்லை என்று உணர்ந்த நான், என் கலைத்திறமையைக் களத்தில் இறக்கினேன். "ஆ, என்ர முழங்கால்!" என்று அலறிக்கொண்டு விழுந்தேன். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணீர்கூட வரவழைத்தேன். ஒத்திகையே இல்லாமல்!

அப்பா பாவம், முழுதாக நம்பிவிட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையால் "நீங்கள் போங்கோ" என்று காட்டினார். ரெகுலாவும் அப்பாவும் என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். ரெகுலா முழங்காலை அமுக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கட்டுப் போட்டுவிட்டார்.

அப்பாவைக் காப்பாற்றிய மாபெரும் பகிடி இது. கோயில் மைக் எல்லாம் இதன் முன்னால் தூசு.

பின்குறிப்பு: மாலை நாடினிடமிருந்து அப்பாவுக்குச் செய்தி வந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பனி அருமையாக இருந்ததாம். ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தார்.

அப்பா அதை இரண்டுதரம் வாசித்தார். "நல்லது, நல்லது," என்றார். பிறகு வெங்காயம் உரித்தார். நாளைக்கு விருந்தினர் யாருமில்லை. அவ்வளவு வெங்காயம் எதற்கென்று நான் கேட்கவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

மறுபடி மூடிவிட்டது. கதவிலிருந்து விறகுக் கொட்டிலே தெரியவில்லை. அபாயம் ஐந்து. முழுப் புள்ளி.

மதியம் அப்பா மடித்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, அதன் மேல் சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஜன்னல் மூலையில் போய் இருந்தார். தொலைபேசியிலேயே கேள்வி கேட்கச் சொல்லிப் பார்ப்பாராம். திரையில் சிக்னல் கோடு ஒன்றுமில்லை. கையை உயர்த்தினார், எழும்பினார், நடு அறைக்கு வந்து கதிரையில் ஏறினார். நடு அறையில் கதிரைமேல் கழுத்துப்பட்டியோடு தொலைபேசியைக் கூரைக்கு நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் காட்சிக்கு வேறு நாளென்றால் பத்துப் பெயர் வைத்திருப்பேன்.

இரண்டு மணி அப்படியே வந்து அப்படியே போனது.

"அப்பா, நான் எண்டு சொல்லுங்கோ. என்னாலதான் எண்டு."

"விசரா, மழை பெய்ஞ்சா உன்னாலயா?" இறங்கி வந்து கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சுருட்டினார். "கால் எப்பிடி இருக்கு?"

"பரவாயில்லை."

"கவனமா நட."

மார்க்குஸும் நாடினும் கடந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்பா போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இன்று சட்டையோடு அந்த மேசைக்கு முன்னால் இருந்திருப்பார். போத்தல் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார். இரவு இதையே திருப்பித் திருப்பி நினைக்கிறேன். அறை மிகவும் சின்னதாகிவிட்டது. போர்வை பற்றாக்குறை காரணமாக அப்பாவின் கட்டிலில் படுத்தேன். (ஆளில்லாக் கட்டில்கள் நிறைய உண்டு. போர்வையும் உண்டு. சும்மா எழுதுகிறேன்.)

பெப்ரவரி 15, சனி

பகல் பதினொரு மணியளவில் மூடுபனி கொஞ்சம் விலகியது. மூவரும் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தோம். முதலில் சத்தமில்லை. சரிவின் மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, யாரோ பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஒரு கீறல். பிறகு முழுச் சுவரும் ஒரே துண்டாக நகர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே முழுசாகவே வந்தது, ஆறுதலாக, அவசரமே இல்லாமல். பிறகு உடைந்து பொங்கியது. சத்தம் அதன் பிறகுதான் வந்து வயிற்றில் இடித்தது. பனித்தூள் எங்கள்மேல் வந்து படிந்தது. நாங்கள் மூவரும் மாவில் புரட்டிய வடை மாதிரி நின்றோம்.

அடங்கியபோது பாதை இல்லை. பாதை போகும் இடுப்பும் இல்லை. ஓடை கிடந்த பள்ளம் நிரம்பியிருந்தது.

ரெகுலா சவளைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் தோளில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உன் முழங்கால் நல்ல முழங்கால்," என்றார்.

நான் தலைகுனிந்து வணங்கி வாழ்த்தை ஏற்றுக்கொண்டேன். அப்பா உள்ளே போய்விட்டார்.

முழங்கால் மாலைக்குள் பூரண சுகமடைந்தது. வைத்திய உலகம் வியப்பு.

பெப்ரவரி 16, ஞாயிறு

சரிய வேண்டியதெல்லாம் சரிந்துவிட்டது, இனிக் கடக்கலாம் என்று ரெகுலா தீர்மானித்தார். அவர் முன்னே, நான் நடுவில், அப்பா பின்னே. ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு விழுந்து கிடந்த பனிமேல் நடந்தோம். பனி என்றால் பஞ்சு என்று நினைப்பவர்கள் வந்து பார்க்கவேண்டும். குளிர்சாதனப்பெட்டி அளவுக் கட்டிகள், சீமெந்துபோல இறுகிக் கிடந்தன. தடியால் குத்தினால் டங் என்றது. இதற்குள் புதைந்த ஒருவன் விரலைக்கூட அசைக்க முடியாது. கருவி மட்டும் கூவிக்கொண்டிருக்கும்.

நான் வழியெல்லாம் ஒரு பகிடியும் விடவில்லை. அப்பா மூன்றுதரம், "சமாளிக்கிறியா?" என்று கேட்டார். திரும்பிப் பார்க்காமலே "ஓம்" என்றேன்.

பெப்ரவரி 17, திங்கள்

வீடு. சூடான தண்ணீர். காலுறைகள் சோடி சோடியாக.

காலையில் அப்பா சபைக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி அம்மா கண்ணால் காட்டினார். எழுதுவினைஞர் பெண் சொன்னார்: வெள்ளியன்று அவர் வராததைப் பார்த்துத் தலைவர் காரணம் கேட்டாராம். மலைக்குடிலில் சமைக்கிறவர், வழி மூடியிருக்கிறது என்று இவர் சொன்னாராம். "தலைவர் மாடு வளர்ப்பவர், இந்த மலையிலேயே பிறந்தவர். அபாயம் நான்கில் அந்தச் சரிவைக் கடந்து ஒருவர் நேர்முகத்துக்கு வந்திருந்தால், உள்ளூர் நிலைமை தெரியாத ஆள் என்று நிராகரித்திருப்பேன் என்றார்." பங்குனியில் புதுத் திகதி கொடுத்தார்கள். அப்பா நன்றி சொன்னார். தொலைபேசியை வைத்த பிறகும் இரண்டுதரம் நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் என் ஆட்சிதான். நேற்றிரவே அம்மாவுக்கு முழங்கால் நாடகத்தை அபிநயத்தோடு நடித்துக் காட்டியிருந்தேன். இன்று அம்மா கனடாவிலுள்ள பெரியம்மாவுக்கு, "என்ர பிள்ளை விழுந்த மாதிரி நடிச்சுத் தேப்பனைக் காப்பாத்திப்போட்டான், அக்கா! அந்த நேரத்தில அந்த மூளை!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலில் என்மேலிருந்த தடை நீக்கப்படலாம் என்று வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.

அப்பா பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "ஓம், ஓம், நல்லா நடிச்சவன்," என்றார். முகத்தில் ஓர் அசைவில்லை.

அதைப் பார்த்த பிறகு எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. வியாழக்கிழமைப் பதிவில் சிறு பிழைகள் உண்டு.

நான் எந்த நிலைமையையும் ஆராயவில்லை. கறுப்புப் பாதையில் நான் ஓடியதும் கிடையாது. சிறுவர்களும் பாட்டிமாரும் ஓடும் நீலப் பாதையைத் தாண்டியதேயில்லை. "வுப்" என்றதும் அப்படியே குந்திவிட்டேன். முழங்கால் என்று அலறவுமில்லை. அப்பாவின் தடியைப் பிடித்துக்கொண்டு, "போகாதேங்கோ அப்பா, போகாதேங்கோ" என்று மூன்று வயதுப் பிள்ளை மாதிரி அழுதேன். காற்சட்டை நனைந்திருந்தது. அது பனியால் இல்லை.

அப்பா அந்தச் சரிவைப் பார்த்தார். அந்தப் பக்கம் மார்க்குஸும் நாடினும் காத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ரெகுலாவின் ஸ்கீச் சத்தம் கிட்ட வந்தது. அப்பா குனிந்து தன் மேலங்கியைக் கழற்றி என் இடுப்பில் சுற்றினார்.

"முழங்கால் எண்டு சொல்லு," என்றார் காதுக்குள்.

எனக்கு விளங்கவில்லை. "எந்த முழங்கால்?" என்றேன்.

"ஏதோ ஒண்டைப் பிடியடா, ரெகுலா வாறா."

வலதைப் பிடித்தேன்.